பால் ஆமையின் ஓட்டுக் காயம்: பசை வைத்து மூடியது முதல் ஆறி முடிந்தது வரை ஒரு நிகழ்வு ஆய்வு

விலங்கு: பால் ஆமை, வளர்ந்த பெண். எடை 1,180 கிராம், மேலோட்டின் நீளம் 21 செ.மீ.
இடம்: மதுரை மாவட்டம், மேலூர் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் கரைச்சாலை.
காலம்: சித்திரை முதல் ஐப்பசி வரை.

மேலூர் ஒருபோகப் பாசனப் பகுதியில் தை, மாசியோடு பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் நின்றுவிடும். பங்குனி முடிவதற்குள் கண்மாய் உள்வாய் பாளம் பாளமாக வெடித்திருக்கும். மடையை ஒட்டிய பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் சேறு கிடக்கும். அப்போது பால் ஆமைகள் ஈர மண்ணுக்குள் புதைந்து மழைக்குக் காத்துக் கிடக்கும், அல்லது இரவிலும் விடிகாலையிலும் வேறு தண்ணீர் தேடி நடக்கும். நடந்து போகிறவைதான் கரைச்சாலையில் அடிபடுகின்றன. இந்த ஆமையின் பின்பக்க வலது ஓரத்தில் இருசக்கர வண்டி ஏறியிருந்தது.

எடுத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எடுத்தார்கள். காயத்தில் மஞ்சள் வைத்து, அதற்கு மேல் தண்ணீர்க் குழாய்க் கசிவை அடைக்கும் எபாக்ஸி பசையை உருட்டி அப்பி, பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் ஊற்றி அதில் விட்டிருந்தார்கள். அடிபட்ட ஒன்பதாம் நாள் வனத்துறைக்குச் சொல்லும்போது அவர்கள் சொன்னது: "ஓட்ட நல்லாத்தான் ஒட்டுனோம் சார். ஆனா ரெண்டு நாளா ஒரே நாத்தம், எரை எடுக்க மாட்டேங்குது." சிகிச்சைக்கு வேண்டிய முக்கியமான தகவல் இந்த ஒரு வாக்கியத்திலேயே இருந்தது.

வந்த நாள் நிலை

கண்கள் உள்வாங்கியிருந்தன. வாயின் உட்புறம் பிசுபிசுப்பாக இருந்தது. கழுத்தைத் தொட்டால் இழுத்துக்கொண்டது, ஆனால் மெதுவாக. பால் ஆமை நல்ல உடல்நிலையில் இருந்தால் கையை நீட்டியவுடன் கடிக்கப் பார்க்கும். அதற்குக் கழுத்து நீளம், பின்பக்கம் வரை எட்டும். கடிக்க முயலாத பால் ஆமையைப் 'சாது' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அது சோர்ந்து போயிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மேலோட்டின் வலது பின்புறத்தில் 6.2 × 3.1 செ.மீ. பரப்புக்குப் பசை கல்லாக இறுகியிருந்தது. ஓரங்களில் பழுப்பு நீர் கசிந்தது. வலது பின்னங்காலின் வெளிப்புறத்தில் 2.8 செ.மீ. நீளத்துக்குத் தோல் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலின் மடிப்புக்குள் ஈப்புழு நெளிந்தது. எக்ஸ்ரேயில் மேலோட்டின் பக்கவாட்டு எலும்புத் தகடுகளான விலாத்தட்டுகள் இரண்டின் வெளி ஓரத்தில் விரிசலும், 11 மி.மீ. அளவில் பிரிந்து நிற்கும் ஓர் எலும்புத் துண்டும் தெரிந்தன. நுரையீரல் பகுதி தெளிவாக இருந்தது. ஆமையின் நுரையீரல் மேலோட்டுக்கு நேர் கீழே ஒட்டிக் கிடக்கும். அதனால் ஓட்டில் எந்த விரிசல் இருந்தாலும், கழுவத் தொடங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

பால் ஆமையின் ஓடு நட்சத்திர ஆமையின் ஓட்டைப் போலவோ காராமையின் ஓட்டைப் போலவோ இருக்காது. அவற்றுக்கு எலும்பின் மேல் நகம் போன்ற கெட்டிச் செதில்கள் உண்டு. பால் ஆமைக்குச் செதில் கிடையாது. எலும்புத் தட்டின் மேல் வழுவழுப்பான, தோல்பை போன்ற உயிருள்ள தோல் போர்த்தியிருக்கும். ஆகவே இதில் ஓட்டுக் காயம் என்பது தோல்காயமும் எலும்புக் காயமும் சேர்ந்த ஒன்று. பசை ஒட்டிக்கொண்டிருந்ததும் அந்தத் தோலில்தான்.

ஏன் மூடக் கூடாது

ஊர்வனவற்றின் சீழ் ஓடாது. மாட்டுக்கோ நாய்க்கோ சீழ்க்கட்டி வந்தால் கீறிவிட்டதும் வழிந்து வெளியேறும். அங்கே வேலை செய்யும் வெள்ளணுக்களில் திசுவைக் கரைத்து நீராக்கும் நொதிகள் இருக்கின்றன. ஊர்வனவற்றில் அந்த வேலையைச் செய்வது ஹெட்டரோபில் என்ற வெள்ளணு. அதில் மைலோபெராக்சிடேஸ் நொதி இல்லை. அதனால் சீழ் நீராகாமல், அவித்த முட்டையின் மஞ்சள் கரு போல உதிரும் கட்டியாக அடுக்கடுக்காய் இறுகுகிறது. உடல் அதைச் சுற்றி ஒரு நார்ச் சுவரைக் கட்டிவிடுகிறது. அந்தச் சுவருக்குள் ரத்த ஓட்டம் இல்லை, ஊசி மருந்தும் உள்ளே போய்ச் சேராது. கீறினால் எதுவும் வழியாது. கையால் தோண்டி, சுவரோடு சேர்த்து எடுத்தால்தான் போகும். எடுக்காமல் மேலே மூடினால் அது உள்ளேயே பக்கவாட்டில் பரவி எலும்பைத் தின்னும்.

எபாக்ஸி பசை இதை மூன்று வழிகளில் மோசமாக்குகிறது. இறுகும்போது சூடாகி ஓரத் தோலைச் சுடுகிறது. விரிசலுக்குள் இறங்கி, எலும்பும் எலும்பும் சேர வேண்டிய இடத்தில் ஆப்பு போல நின்றுவிடுகிறது. காற்றையும் வடிகாலையும் அடைத்துவிடுகிறது. அடிபட்டு ஆறு மணி நேரம் கடந்த ஓட்டுக் காயம் எதையும் கிருமி புகுந்த காயமாகவே கருத வேண்டும். இதுவோ ஒன்பது நாள் பழைய காயம்.

முதல் 48 மணி நேரம்

முதலில் செய்தது நீரேற்றம். காயத்தின் மேல் அன்றே கை வைக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். நீர் வற்றிய ஆமையை மயக்கத்தில் போட்டால் அது எழுந்திருக்காமல் போகலாம் என்பதால் அவசரப்படவில்லை. ஒரு கிலோவுக்கு 20 மி.லி. கணக்கில் 24 மி.லி. திரவம் கொடுக்கப்பட்டது. 12 மி.லி. நார்மல் சலைன், 12 மி.லி. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். இரண்டையும் கலந்தால் அரைச் செறிவு சலைனும் 2.5 சதவீத டெக்ஸ்ட்ரோஸும் ஆகிவிடும். 29 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கி, காயமில்லாத இடது பின்னங்காலுக்கு முன்னால் உள்ள குழியில் தோலுக்கடியில் மெதுவாக ஏற்றப்பட்டது. மறுநாளும் அதே அளவு.

வலிக்கு டிராமடால், கிலோவுக்கு 10 மி.கி. 50 மி.கி./மி.லி. மருந்தில் 0.24 மி.லி. முன்னங்கால் பக்கம் போடப்பட்டது. ஊர்வனவற்றுக்கு ஊசிகளை உடலின் முன்பாதியில் போடுவதே வழக்கம். பின்பாதியில் இருந்து வரும் ரத்தம் இதயத்துக்குப் போகும் வழியில் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தொட்டுச் செல்வதால் மருந்தின் அளவு குறையக்கூடும். மெலாக்சிகாம் கிலோவுக்கு 0.2 மி.கி. வீதம் இரண்டாம் நாள், ஆமை சிறுநீர் கழித்த பிறகே தொடங்கப்பட்டது. வற்றிய சிறுநீரகத்தின் மேல் அந்த மருந்து சுமையாகும். பியூட்டார்ஃபனால் கையிருப்பில் இருந்தாலும் ஆமைக்கு அது வலியைக் குறைப்பதில்லை.

புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும், வேறு குறுக்கு வழி இல்லை. முதல் நாள் 23, பன்னிரண்டு மணி நேரம் கழித்து 4, மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் வெயில் காலத்தில் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும் என்பதால்தான் மறுபடி பார்ப்பது கட்டாயமாகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் புழு வைத்தால் ஐவர்மெக்டின் ஊசி போடுவது நம் ஊர்களில் அன்றாடப் பழக்கம். ஆமைக்கு ஐவர்மெக்டின் விஷம். கால் கழுத்து தளர்ந்து மூச்சு நின்று செத்துவிடும். பாம்புக்கோ பல்லிக்கோ கொடுத்திருக்கிறோம் என்ற அனுபவம் இங்கே செல்லாது. புண்ணில் டர்பன்டைன் எண்ணெய் ஊற்றுவதும் கூடாது. பால் ஆமையின் தோல் வழியே அது உள்ளே ஏறும், ஆறத் தொடங்கிய திசுவையும் கருக்கும். ஊதா நிறக் காயத் தெளிப்பு, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எல்லாம் இதே வரிசைதான்.

பசையை எடுத்து, காயத்தைத் திறந்தது

மூன்றாம் நாள் கெட்டமின், டெக்ஸ்மெடெட்டோமிடின் கலவையில் மயக்கம் கொடுக்கப்பட்டது. மயங்கிய ஆமை மூச்சு விட மறந்துவிடும். மூச்சுக்குழாயில் மெல்லிய குழாய் இட்டு, நிமிடத்துக்கு மூன்று நான்கு முறை பையை அமுக்கிக் காற்று கொடுக்கப்பட்டது. காயத்தின் ஓரங்களில் மரத்துப்போகச் செய்யும் 2 சதவீத லிடோகெயின் 0.23 மி.லி.யைச் சலைனோடு சேர்த்து 1 மி.லி. ஆக்கிச் சுற்றிலும் போடப்பட்டது. கிலோவுக்கு 4 மி.கி.க்கு மேல் போகாமல் இருக்கவே இந்தக் கணக்கு.

அசிட்டோன், சூடு எதுவும் பயன்படுத்தவில்லை. பசையின் மேல் சிறிய துரப்பண முனையால் நான்கு கோடுகள் இழுத்து, துண்டு துண்டாக ஓரத்திலிருந்து நெம்பி எடுக்கப்பட்டது. கடைசித் துண்டு தூக்கியபோது கீழே 4 மி.மீ. கனத்தில் வெளிர்மஞ்சள் சீழ்த்தட்டு. விரலால் அழுத்தினால் பொடிந்தது. அதன் அடியில் மஞ்சள்தூள் களியாகி விரிசலுக்குள் இறங்கியிருந்தது. கிருமிப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்தது கட்டியின் நடுவிலிருந்து அல்ல. நடுப்பகுதி பெரும்பாலும் செத்த பொருள், அங்கே கிருமி வளராமல் போகலாம். நார்ச்சுவரின் உட்புறத்தைச் சுரண்டித்தான் எடுக்கப்பட்டது. ஏரோமோனாஸ் வளர்ந்தது. தேங்கிய தண்ணீரில் இயல்பாக இருக்கும் பாக்டீரியா அது. ஒன்பது நாள் மாற்றாத பேசின் தண்ணீருக்குப் பொருத்தமான விடை.

கழுவுவதற்கு முன் வயிற்றறைச் சவ்வு கிழிந்திருக்கிறதா என்று பார்க்கப்பட்டது. விரிசலின் மேல் ஒரு சொட்டு சலைன் விட்டுக் காத்திருக்க வேண்டும். மூச்சோடு சொட்டு ஏறி இறங்கினாலோ குமிழ் வந்தாலோ உள்ளே திறப்பு இருக்கிறது, அந்தக் காயத்தைப் பீய்ச்சிக் கழுவினால் தண்ணீர் நுரையீரலுக்கும் வயிற்றறைக்கும் போய்விடும். இங்கே சொட்டு அசையவில்லை. ஆமையைப் பின்பக்கம் சரித்து, 20 மி.லி. சிரிஞ்சில் 18 நம்பர் ஊசி மாட்டி 300 மி.லி. சலைன் பீய்ச்சப்பட்டது. பிறகு 0.1 சதவீத பொவிடோன் அயோடின். கடையில் கிடைக்கும் 5 சதவீதக் கரைசலில் 10 மி.லி. எடுத்து 490 மி.லி. சலைனில் கலந்தால் இந்த அளவு வரும். நிறம் வெளிறிய கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) போல இருக்க வேண்டும். அடர்பழுப்பாக இருந்தால் அது கிருமியோடு சேர்த்துப் புதுத் திசுவையும் கொல்லும்.

பிரிந்து நின்ற 11 மி.மீ. எலும்புத் துண்டைப் பிடுங்கவில்லை. சுண்ணாம்புக்கட்டி போல வெளுத்து, ஊசியால் குத்தினால் ரத்தம் வராமல் இருந்தது, அதாவது செத்த எலும்பு. ஆனாலும் ஓரத்தில் பிடிப்பு இருந்தது, சீழ் அதன் அடியில் இல்லை. அடியில் புது எலும்பு வளரும் வரை அதுவே கூரையாக நிற்கும், தானாக விழட்டும் என்று விடப்பட்டது.

செத்த தோலை வெட்டிய பிறகு காயம் 6.8 × 3.6 செ.மீ. ஆனது. வந்ததைவிடப் பெரிது. அழைத்து வந்தவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் சிகிச்சை கெடுத்துவிட்டது என்று நினைப்பார்கள்.

எதிருயிரி செஃப்டாசிடைம், கிலோவுக்கு 20 மி.கி., 72 மணி நேரத்துக்கு ஒரு முறை, எட்டு ஊசிகள். மூன்று நாளுக்கு ஒரு ஊசி என்றால் பலருக்கு நம்பிக்கை வராது. ஊர்வனவற்றின் உடலில் மருந்து கழிவது அவ்வளவு மெதுவாக நடக்கிறது. 250 மி.கி. குப்பியை 2.5 மி.லி. ஆகக் கரைத்து, 0.24 மி.லி. வீதம் சிறிய சிரிஞ்சுகளில் நிரப்பி உறைநிலையில் வைத்துக்கொண்டால் மருந்து வீணாகாது. என்ரோஃப்ளாக்சசின் ஊசியும் வேலை செய்யும், ஆனால் போட்ட இடத்துத் தசையே அழுகக்கூடும். ஏற்கனவே ஒரு புண் இருக்கும் விலங்குக்கு இன்னொன்றை நாமே உண்டாக்க வேண்டாம். இந்த அளவுகள் எல்லாம் இந்த ஒரு விலங்குக்குக் கால்நடை மருத்துவர் எடைபோட்டு முடிவு செய்தவை. எடையைக் கண்மதிப்பாகப் போட்டு இவற்றைப் பின்பற்றக் கூடாது.

கட்டும் தண்ணீரும்

பால் ஆமையில் கட்டுப் போடுவது தனிக் கலை. தோல் வழுக்கும், எந்தப் பிளாஸ்திரியும் அரை மணி நேரம் தாங்காது. காயத்தைச் சுற்றி நல்ல தோலில் ஆறு இடங்களில் 2-0 நைலான் நூலால் தளர்வான வளையங்கள் தைக்கப்பட்டன. பாரஃபின் வலைத்துணி, அதன் மேல் மடித்த காஸ், இரண்டையும் வைத்து, செருப்புக்கு வார் கட்டுவது போல நாடாவை வளையங்களுக்குள் குறுக்கும் நெடுக்கும் கோத்து இழுத்துக் கட்டப்பட்டது. தினமும் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொள்ளலாம், தோலைக் குத்த வேண்டியதில்லை.

முதல் ஐந்து நாள் சலைனில் நனைத்த காஸ் வைத்து, காய்ந்ததும் உரித்தெடுக்கும் முறை. ஒட்டியிருக்கும் செத்த துணுக்குகள் கூடவே வரும். ஆறாம் நாள் அடிப்பகுதி சுத்தமானதும் அதை நிறுத்தி, 1 சதவீத சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு மெல்லிய பூச்சாக. இந்த மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் காஸ் உரிக்கும்போது புதுத் தோலும் உரிந்து வரும்.

காராமைக்கு ஓட்டுக் காயம் என்றால் நாள் முழுவதும் உலர்த்தி வைத்து, ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீரில் விடலாம். பால் ஆமையை அப்படி உலர வைத்தால் உடம்புத் தோலே வெடித்துவிடும். எனவே இடைப்பட்ட வழி: காய்கறி கிரேட்டில் நனைத்த டர்க்கித் துண்டு விரித்து, முன்பாதியின் மேல் ஈரத்துணி, பின்பாதி திறந்தபடி. காலை மாலை 45 நிமிடம், ஒரு நாள் வைத்திருந்து குளோரின் போன தண்ணீரில் 8 செ.மீ. ஆழத்துக்கு விடுதல். இரை எடுப்பதும் கழிவதும் அதற்குள் நடந்துவிடும். வெளியே எடுத்ததும் கழுவி, ஒற்றி, புதுக் கட்டு.

புத்தகங்கள் 'வெப்ப விளக்கு வையுங்கள்' என்று சொல்லும். அவை குளிர்நாடுகளை நினைத்து எழுதப்பட்டவை. ஊர்வனவற்றின் காயம் வெப்பத்தை நம்பித்தான் ஆறுகிறது என்பது உண்மை. 1988ல் வெளியான, வட அமெரிக்காவின் கார்ட்டர் பாம்பு பற்றிய ஆய்வு ஒன்றில் 13.5, 21, 30 டிகிரி செல்சியஸ் என மூன்று நிலைகளில் வைத்துப் பார்த்தபோது, 30 டிகிரியில் இருந்தவற்றுக்கே தோல்காயம் நன்றாக ஆறியது. ஆனால் சித்திரை வெயிலில் மதுரை அறைக்குள் மதியம் 36, 37 டிகிரி தானாகவே வந்துவிடுகிறது. இங்கே கவலை சூட்டைக் குறைப்பதுதான். கிரேட் தரையில் வைக்கப்பட்டது, ஜன்னலில் நனைத்த சாக்கு, தண்ணீர் 28 முதல் 30 டிகிரிக்குள். மார்கழி, தை மாத இரவுகளில் 20 டிகிரிக்கு இறங்கும்போதுதான் விளக்குக்கு வேலை வரும்.

எப்படி ஆறியது

பாலூட்டியின் காயம் சுருங்கிச் சுருங்கிச் சின்னதாகும். ஊர்வனவற்றில் அந்தச் சுருக்கம் மிகக் குறைவு. காயத்தில் ஊறும் புரத நீரும், ரத்தத்தை உறையவைக்கும் நார்ப்புரதமான ஃபைப்ரினும் இறுகிப் பொருக்காகின்றன. அந்தப் பொருக்கின் அடியில் ஓரத்திலிருந்து ஒற்றை அடுக்கு செல்களாகப் புதுத்தோல் நகர்ந்து வருகிறது, பிறகு தடிக்கிறது. அதற்கும் கீழே வெள்ளணுக்கள் குப்பையை அள்ள, நார்த்திசு நிரம்புகிறது. புதுத்தோல் முழுமையாகும் வரை பொருக்கு விழாது. வாரக்கணக்கில் நிற்கும் அந்த அசிங்கமான பழுப்புத் தகடுதான் ஊர்வனவற்றின் இயற்கைக் கட்டு.

இதைச் சீழ் என்று தவறாக எடுத்துச் சுரண்டுவதே அடிக்கடி நடக்கும் பிழை. வேறுபாடு கையில் தெரியும். சீழ் பொடியும், நாறும், கீழே தளர்ந்து கிடக்கும். ஃபைப்ரின் வழுவழுவென்று தேன்நிறத்தில் இருக்கும், நாறாது, அடியோடு ஒட்டியிருக்கும், தூக்கினால் ரத்தம் புள்ளி வைக்கும். ரத்தம் வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

பதினான்காம் நாள் ஓரத்தைச் சுற்றி ஒன்றரை மி.மீ. அகலத்தில், வெங்காயச் சருகின் உட்தோல் போல ஒளி ஊடுருவும் சாம்பல் நிறப் பட்டை தெரிந்தது. அதுதான் புதுத்தோலின் முதல் முனை. இருபதாம் நாள் கட்டு மாற்றியவர் பொருக்கு ஒரு மூலையில் தூக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, சுத்தம் செய்வதாக நினைத்து இடுக்கியால் இழுத்துவிட்டார். மூன்றில் ஒரு பங்கு பொருக்கோடு அடியிலிருந்த பட்டையும் கிழிந்து வந்தது. அந்த மூலை மறுபடி பழைய நிலைக்கு வரப் பத்து நாளானது. அதன்பின் தூக்கிய பொருக்கைக் கத்தரியால் ஒட்டியிருக்கும் இடம் வரை மட்டும் வெட்டுவது என்று மாற்றிக்கொள்ளப்பட்டது.

இருபத்தெட்டாம் நாள் 6.1 × 3.0 செ.மீ. அறுபதாம் நாள் 4.4 × 1.9. எழுபத்து நான்காம் நாள் செத்த எலும்புத் துண்டு கட்டோடு தானாக வந்துவிட்டது. அது இருந்த குழியில் இளஞ்சிவப்பாய், தொட்டால் கெட்டியாய்ப் புது எலும்பு. தொண்ணூறாம் நாள் 2.6 × 1.0. நூற்று முப்பத்தோராம் நாள் முழுவதும் மூடியது. மூடிய தோலில் நிறமி இல்லை, பழுப்புப் பச்சை ஓட்டில் வெள்ளைத் தீவு போல நின்றது.

காலின் கிழிசலை உடனே தைக்கவில்லை. புழு வைத்த காயத்தைத் தைப்பதும் பசை வைத்து மூடுவதும் ஒன்றே. தினமும் கழுவி, ஒன்பதாம் நாள் சதை சிவந்து நாற்றம் இல்லாமல் ஆனபின் 4-0 நைலானில் ஐந்து தையல். ஊர்வனவற்றின் தோல் ஓரம் தைத்தால் உள்ளே சுருளும், இரண்டு செதில்பரப்பும் முகம் பார்த்துக் கிடந்தால் ஒட்டாது. அதனால் ஓரத்தை வெளிப்பக்கம் பிதுக்கி நிறுத்தும் கிடைமட்ட மெத்தைத் தையல் போடப்பட்டது. நாய்க்குப் பத்து நாளில் பிரிக்கும் தையலை இங்கே ஆறு வாரம் கழித்து, ஐம்பத்தோராம் நாள்தான் பிரித்தோம். கரையும் நூலை நம்ப வேண்டாம். கேட்கட் நூல் ஊர்வனவற்றின் உடலில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இரை

முதல் பத்து நாள் எதையும் தொடவில்லை. பதினோராம் நாள் உடைத்த நத்தை ஒன்று. அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் 40 முதல் 50 கிராம்: நத்தை, அயிரை, கெண்டைக் குஞ்சு, மண்புழு, ஓட்டோடு சின்ன இறால். வெறும் மீன்சதை கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து போதாது, எலும்பு கட்டாது. தோல் ஆற வைட்டமின் ஏ வேண்டும் என்று ஊசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அளவு கூடினால் அந்த ஊசியே உடம்புத் தோலைப் பாளம் பாளமாக உரித்துவிடும். வாரம் ஒரு முறை சுண்டுவிரல் நகமளவு கோழி ஈரல் போதுமானது.

பாம்பு, பல்லிக்கு இதில் எது பொருந்தும்

சீழ் இறுகுவதும், பொருக்கு நிற்பதும், வெப்பத்தை நம்பி ஆறுவதும் எல்லா ஊர்வனவற்றுக்கும் பொது. வயல் வேலியில் கட்டிய நைலான் வலையில் சிக்கும் சாரைப்பாம்புகள் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வலையை வெட்டியதும் விட்டுவிடக் கூடாது. இழை இறுக்கிய வளையத்தில் தோல் மூன்று நான்கு நாள் கழித்துத்தான் கருகிப் பிரியும். ஆறும் பாம்பு அடிக்கடி சட்டை உரிக்கும், தழும்பு இருக்கும் இடத்தில் சட்டை மோதிரம் போல மாட்டிக்கொள்ளும். ஈரத்துணியில் வைத்துத் தளர்த்த வேண்டும், இழுக்கக் கூடாது. உடம்பின் நீளவாக்கில் கிழிந்த காயம் குறுக்குவாக்கில் கிழிந்ததைவிடச் சீக்கிரம் ஆறும்.

பல்லியின் வால் தனிக் கதை. அது உடைவதற்கென்றே அமைந்த இடத்தில் உடைந்து, தழும்பில்லாமல் மூடி, மறுபடி வளர்கிறது. வளர்ந்த வாலுக்குள் முள்ளெலும்புகள் இருக்காது, குருத்தெலும்புக் குழல் மட்டுமே. அதைப் பார்த்துவிட்டு 'ஆமைக்கும் தானாக வளர்ந்துவிடும்' என்று சொல்வார்கள். வளராது. ஆமையில் இழந்தது தழும்பாகத்தான் திரும்பும்.

விடுவித்தல்

பால் ஆமை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எடுத்து வீட்டில் வைத்து வைத்தியம் பார்ப்பது, எண்ணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், குற்றம். அன்றே வனச்சரகத்துக்குத் தெரிவித்திருந்தால் ஒன்பது நாள் மிச்சமாகியிருக்கும்.

ஆவணியில் காயம் மூடிவிட்டது, ஆனால் கண்மாய் வறண்டு கிடந்தது. ஐப்பசி மழையில் உள்வாய் நிறையும் வரை மண்தரை போட்ட தொட்டியில் வைத்து, புதைவதும் நீந்துவதும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப்பட்டது. வலது பின்னங்கால் இடதோடு ஒத்துத் தள்ளியது. எடை 1,310 கிராம். கையை நீட்டினால் கழுத்தை வீசிக் கடிக்க வந்தது. விடுவதற்கு முந்தைய எக்ஸ்ரேயில் விரிசல் கோடு இன்னமும் மெல்லியதாகத் தெரிந்தது. ஓட்டு எலும்பு முழுவதும் சேர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், ஆனால் விரலால் அழுத்தியபோது இரண்டு பக்கமும் ஒன்றாகவே அசைந்தன, தோலும் முழுமையாக மூடியிருந்தது. அந்த இரண்டும் போதும் என்று முடிவெடுத்து, வனத்துறையினர் அதே கண்மாயில், கரைச்சாலைக்கு எதிர்ப்பக்கம், மடையிலிருந்து தள்ளிச் சேறும் செடியும் இருக்கும் இடத்தில் விட்டார்கள்.